அம்பாசிடரில் மாற்று செல்ஃப் பூட்டுவது: மோட்டாரை மட்டும் பார்த்தால் போதாது

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விஷயம் புரியட்டும். அப்பா வைத்திருந்த 1974 அம்பாசிடர் மார்க் 2, பெட்ரோல் வண்டி, தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. போன மழையில் தெருத் தண்ணீர் பம்பர் வரை ஏறி நின்றது. அதற்கப்புறம் ஸ்டார்ட் செய்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மெக்கானிக் செல்ஃபை, அதாவது இன்ஜினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரை, கழற்றிக் கொடுத்தார். பழையதைப் பிறகு தருகிறேன் என்று சொல்லி, புதுப்பேட்டையில் ரிப்பேர் செய்து வைத்திருந்த வேறொரு செல்ஃபை வாங்கிப் பூட்டினீர்கள். இப்போது சில சமயம் ‘விர்’ரென்று வெறுமனே சுற்றுகிறது, சில சமயம் ‘கரகர’ என்று பல் தேய்கிறது, சில சமயம் ஒழுங்காக எடுக்கிறது. கடைக்காரர் ஃப்ளைவீல் (இன்ஜின் பின்னால் சுற்றும் கனமான சக்கரம்) போய்விட்டது என்கிறார். மெக்கானிக் மோட்டாரே தப்பு என்கிறார். நண்பர் ஒருவர், இரண்டையும் விட்டுவிட்டுப் புதுசாக கியர் வைத்த சின்ன செல்ஃபைப் போடு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

மூவர் சொல்வதும் நடக்கக்கூடியதே. ஆனால் ஒருவரும் அளந்து பார்த்துச் சொல்லவில்லை. செல்ஃப் என்பது தனியாக ஒரு பொருள் இல்லை. பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிள், ஸ்டார்ட் செய்யும்போது கரண்டை இணைத்துவிடும் சொலினாய்டு, மோட்டார், அதன் தண்டில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் ஓடும் அமைப்பான பெண்டிக்ஸ், ஃப்ளைவீல் விளிம்பில் உள்ள பல் வளையமான ரிங் கியர், கடைசியாக இன்ஜினிலிருந்து பாடிக்குத் திரும்பும் எர்த், இவை எல்லாம் சேர்ந்த ஒரே வரிசை அது. இதில் மோட்டாரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டால், எவ்வளவு நல்ல மோட்டார் வாங்கினாலும் இதே தலைவலிதான் வரும். அதனால் பணத்தை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைகளைச் சொல்கிறேன். பெரும்பாலானவற்றுக்கு ஒரு சாக்பீஸும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் போதும்.

உங்கள் வண்டியில் இருப்பது 1489 சிசி பி-சீரிஸ் இன்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பிஎம்சி) வடிவமைத்தது. அதற்கு வந்த லூகாஸ் செல்ஃப் பழைய இனர்ஷியா வகை. நம் சென்னையிலேயே பாடி என்ற இடத்தில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் இந்த வகை மோட்டார்களை நிறையச் செய்திருக்கிறது, அதனால் உதிரிகளுக்கு இன்றும் பெரிய பஞ்சம் இல்லை. இனர்ஷியா வகை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் உங்கள் ‘விர்’ரும் ‘கரகர’வும் பாதி புரிந்துவிடும். மோட்டார் தண்டின் மேல் மறை போட்ட ஒரு ஸ்லீவ் இருக்கிறது, அதன்மேல் பினியன் தளர்வாக உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் தண்டு சட்டென்று சுற்றத் தொடங்கும். பினியன் தன் எடையால் உடனே கூடச் சுற்றாமல் ஒரு கணம் பின்தங்கும். அந்த ஒரு கணத்தில், போல்ட்டின் மேல் நட் ஓடுவதுபோல, அது மறையின் வழியே ஓடிப்போய் ரிங் கியர் பல்லைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கும்போது விழும் அடியை முனையில் உள்ள தடித்த ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். இன்ஜின் எடுத்தவுடன் ஃப்ளைவீல் பினியனைவிட வேகமாகச் சுற்றுவதால் பினியனை அதே மறையின் வழியே திருப்பி எறிந்துவிடும். இதில் நெம்புகோல் கிடையாது, ஒன்வே கிளட்ச் கிடையாது. எல்லாமே அந்த ஸ்லீவின் சுத்தத்தை நம்பி இருக்கிறது.

ஸ்லீவில் கிளட்ச் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பிசுக்கு பிடித்தால் பினியன் ஓடாது, தண்டோடு சேர்ந்து அங்கேயே சுற்றும். அதுதான் ‘விர்’. தண்ணீரில் நின்ற வண்டியில் துருவும் சேர்ந்திருக்கும். இதற்கு மருந்து மண்ணெண்ணெயும் ஒரு பிரஷும்தான். நன்றாகக் கழுவி, துடைத்து, உலர விடுங்கள். எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். ‘கொஞ்சம் கிரீஸ் வெச்சா ஸ்மூத்தா போகும்’ என்று பழக்கதோஷத்தில் தடவுகிறவர்கள் நிறையப் பேர். அடுத்த மாதமே அந்த கிரீஸ் தூசியைப் பிடித்துப் பசையாகி, பினியன் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இந்த இடம் உலர்ந்திருக்க வேண்டும்.

சரி, முதல் சோதனைக்கு வருவோம். இன்ஜின் கையால் சுற்றுகிறதா? ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றுங்கள். கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றிக் கொடுக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். கீழே அழுத்திச் சுற்றாமல் மேலே இழுங்கள், எதிர்த்து அடித்தால் கை தப்பிக்கும். பம்பர் வரை தண்ணீர் நின்ற வண்டி என்பதால் இதை வலியுறுத்துகிறேன். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அது அமுங்காது. அந்த நிலையில் செல்ஃபை வைத்து இடித்தால் கனெக்டிங் ராடு வளையும். உங்களுடையது இப்போது ஓடுகிறது என்பதால் அந்தப் பயம் தாண்டிவிட்டது, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாராவது வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ நனைந்த வண்டியோடு நிற்கலாம். ஹேண்டில் அசையவே இல்லை என்றால் இன்ஜின் பிடித்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பினியன் ரிங் கியரில் சிக்கிக்கொண்டாலும் இப்படித்தான் இறுகும். இந்த லூகாஸ் மோட்டார்கள் பலவற்றில் பின்முனை மூடிக்குள் தண்டின் முனை சதுரமாக இருக்கும், ஸ்பானர் கொடுத்துத் திருப்பினால் பினியன் விடுபடும். அது முடியாவிட்டால் செல்ஃபின் இரண்டு போல்ட்டையும் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள்.

அடுத்தது, யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லும் சோதனை. நான்கு சிலிண்டர் இன்ஜினை அணைத்தால் அது நினைத்த இடத்தில் நிற்பதில்லை. ஏதாவது ஒரு பிஸ்டனின் கம்ப்ரஷன் எதிர்த்துத் தள்ளுவதால், கிட்டத்தட்ட எப்போதும் இரண்டே இடங்களில் ஒன்றில்தான் நிற்கும், இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரே. அதனால் வருஷக்கணக்கில் பினியன் போய் மோதுவது ரிங் கியரின் அந்த இரண்டு இடங்களில்தான். மற்ற பல் எல்லாம் புதுசுபோல இருக்க, அந்த இரண்டு இடத்தில் மட்டும் பல் முனை தேய்ந்து மழுங்கியிருக்கும்.

இன்ஜினுக்கு முன்னால் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லி, ஃப்ளைவீல் உட்கார்ந்திருக்கும் அதே தண்டில்தான் இருக்கிறது. அதை வைத்து உள்ளே எந்தப் பல் என்று வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். ‘கரகர’ என்று சத்தம் வந்தவுடன் கையை எடுத்துவிட்டு, இன்ஜின் எடுக்காமல் நின்ற நிலையில், புல்லியின் மேல்பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒழுங்காக எடுக்கும்போது, ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் புல்லி எப்படி நின்றது என்று வேறு நிறத்தில் ஒரு கோடு. சில நாள் இப்படிச் செய்துகொண்டே இருங்கள். கரகர கோடுகள் எல்லாம் ஒரே இடத்திலோ, அதற்கு நேர் எதிரிலோ கூடிக் குவிந்தால் ரிங் கியர் தேய்ந்திருக்கிறது, கடைக்காரர் சொன்னது சரி. கோடுகள் புல்லி முழுக்கச் சிதறிக் கிடந்தால் ரிங் கியரைக் குறை சொல்லாதீர்கள், மோட்டார் பொருந்தவில்லை, மெக்கானிக் சொன்னது சரி. கியர்பாக்ஸை இறக்கலாமா வேண்டாமா என்ற பெரிய முடிவை இந்தச் சாக்பீஸ் கோடு தீர்த்துவைக்கும்.

மோட்டார் பொருந்துகிறதா என்பதைப் பார்க்க உங்களிடம் நல்ல வசதி இருக்கிறது. பழைய மோட்டார் இன்னும் உங்கள் வீட்டில் கிடக்கிறது. புதுசைக் கழற்றி இரண்டையும் ஒரு பலகையில் பக்கத்தில் பக்கமாகப் படுக்க வையுங்கள். பினியன் பற்களை எண்ணுங்கள், ஒன்று கூடக் குறைய இருக்கக்கூடாது. பினியனின் வெளி விட்டம் அளந்து பாருங்கள். இன்ஜினோடு ஒட்டும் முகத்திலிருந்து, ஓய்வில் இருக்கும் பினியனின் விளிம்பு வரை எவ்வளவு தூரம் என்று இரண்டிலும் அளந்து பாருங்கள். பினியனைக் கையால் மறையில் திருகி ஓட்டி, எந்தப் பக்கம் ஓடுகிறது, எதுவரை ஓடுகிறது என்று பாருங்கள். பல லூகாஸ் இனர்ஷியா மோட்டார்களில் பினியன் மோட்டார் உடலை நோக்கி உள்ளே வரும். வேறு சிலவற்றில் வெளியே போகும். பின்னால் வந்த ப்ரீ-எங்கேஜ்டு வகையில் சொலினாய்டு நெம்புகோலால் பினியனை வெளியே தள்ளும். ரிங் கியர் பற்களின் ஓரத்தை, பினியன் நுழைவதற்கு வசதியாக, அது வரும் பக்கத்தில் மட்டும் சாய்த்துச் சீவியிருப்பார்கள். பினியன் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தால் அங்கே சாய்வு இல்லை, சதுர விளிம்பு. முனை முனையில் இடித்துக்கொண்டு ‘கரகர’ என்று அரைக்கும். எப்போதாவது அதிர்ஷ்டத்தில் பல்லுக்கு நடுவே விழுந்தால் எடுக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறி இதற்கும் அப்படியே ஒத்துப்போகிறது.

மோட்டார் வெளியே இருக்கும்போதே அந்தத் துளை வழியாக டார்ச் அடித்து, ஒருவரை ஹேண்டிலை மெதுவாகச் சுற்றச் சொல்லி, ரிங் கியரை ஒரு முழுச் சுற்றுப் பார்த்துவிடுங்கள். தொடங்கும் பல்லில் சாக்பீஸ் குறி வையுங்கள். எந்தப் பக்கம் சீவியிருக்கிறது, எந்தப் பல் மழுங்கியிருக்கிறது என்று விரலால் தடவினாலே தெரியும். இந்த நேரத்தில் பேட்டரி எர்த் கழன்றிருக்க வேண்டும்.

ரிங் கியர்தான் என்று முடிவானால் கியர்பாக்ஸ் இறங்கியாக வேண்டும், வேறு வழியில்லை. இறக்கினால் ஒரே செலவில் கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். பின்பக்கம் ஆயில் கசிகிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் அந்த ஆயில்தான் தெறித்து பெண்டிக்ஸில் பிசுக்கு சேர்க்கிறது. புது ரிங் கியர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், பழையதைச் சூடு காட்டி எடுத்து, கால் சுற்று, அதாவது 90 டிகிரி தள்ளிப் பூட்டச் சொல்லுங்கள். தேய்ந்த இரண்டு இடங்களும் இன்ஜின் நிற்காத இடத்துக்குப் போய்விடும், நல்ல பற்கள் வேலைக்கு வந்துவிடும். திருப்பிப் போட்டு மறுபக்கத்தைப் பயன்படுத்தலாமே என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பக்கத்தில் சாய்வு சீவாமல் அது உதவாது. ரிங் கியரைச் சூடாக்குவதில் ஒரு அளவு உண்டு. பிஎம்சி கையேடுகள் சொல்வது 300 முதல் 400 டிகிரி செல்சியஸ். இரும்பின் மேல் லேசான நீல நிறம் ஓடும், அங்கே நிறுத்த வேண்டும். கேஸ் கட்டரை வைத்துச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சினால் பல்லின் கடினம் போய், சீக்கிரமே மெழுகுபோல் தேயும். வியாசர்பாடி தொழிற்பேட்டைப் பக்கம் இந்த வேலை தெரிந்த லேத் பட்டறைக்காரர்கள் கிடைப்பார்கள். நிறத்தைப் பார்த்துச் சூடாக்குகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஃப்ளைவீலைக் கழற்றும் முன் கிராங்கோடு சேர்த்து ஒரு குறி வைத்தால், அதே இடத்தில் திரும்பப் பூட்டலாம்.

இனி மின்சாரம். இங்கேதான் நம் பக்கத்து வண்டிகள் அதிகம் அடிபடுகின்றன. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் எங்கே நிறுத்தினாலும் கடல் காற்று. உப்பு ஈரம் கேபிள் முனையில் உள்ள லக்குக்குள் புகுந்து, வெளியே பளபளப்பாகத் தெரியும் கம்பியை உள்ளே பச்சைப் பொடியாக்கிவிடும். செல்ஃப் இழுக்கும் கரண்டுக்கு முன்னால் இது சின்ன விஷயம் இல்லை. இன்ஜினைச் சுற்றும்போது 150, 200 ஆம்பியர் சாதாரணம். மோட்டார் இறுகி நின்றுவிட்டால் 400-ஐத் தாண்டும். 200 ஆம்பியர் ஓடும் பாதையில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கே போய்விடும். 12 வோல்ட்டில் 2 போனால் மோட்டாருக்கு மூச்சு வாங்கும். இனர்ஷியா வகைக்கு இது இரட்டை நஷ்டம். மோட்டார் சட்டென்று சுழலாவிட்டால் பினியன் மறையில் ஓடாது, மெத்தனமாகப் போய்ப் பல்லில் உரசும்.

அதைக் கண்டுபிடிப்பது இப்படி. இன்ஜின் எடுக்காதபடி இக்னிஷன் தீப்பொறியை நிறுத்திவிட்டு, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, மீட்டரைப் பிடியுங்கள். பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் ஓய்வில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகக்கூடாது. போனால் பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள், அதுவரை மற்ற சோதனைகளுக்கு அர்த்தமில்லை. அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியில் எர்த்துக்குப் போகாத கம்பத்தின் மேலேயே, லக்கின் மேல் இல்லை, வைத்து மறுமுனையை மோட்டாரின் பெரிய ஸ்டட்டில் (கேபிள் மாட்டும் திருகு முனை) வையுங்கள். சுற்றும்போது அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால் கேபிளிலோ சொலினாய்டிலோ இழப்பு. ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திப் போனால் எது என்று மாட்டிக்கொள்ளும். கடைசியாக, பேட்டரியின் எர்த் பக்கக் கம்பத்துக்கும் மோட்டாரின் உடலுக்கும் நடுவே. இங்கேயும் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி அளவைப் பலர் எடுப்பதே இல்லை. இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கின்றன, ரப்பர் கரண்ட் கடத்தாது. மோட்டாருக்குப் போன அத்தனை ஆம்பியரும் இன்ஜினிலிருந்து பாடிக்குத் திரும்ப ஒரு பின்னல் பட்டைதான் வழி. அது அறுந்திருந்தாலோ உள்ளே துருப்பிடித்திருந்தாலோ கரண்ட் வேறு வழி தேடும்: சோக் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று கிடைத்ததில் ஓடும். சோக் கேபிள் கை சுடுகிறது, புகைகிறது என்று யாராவது சொன்னால் கேபிளை மாற்றாதீர்கள், எர்த் பட்டையைப் பாருங்கள். உங்கள் வண்டியில் அந்தப் பட்டை எத்தனை வயதானாலும் மாற்றிவிடுங்கள். இந்த வேலையில் மிகக் குறைந்த செலவு அதுதான். இரண்டு முனையிலும் பெயிண்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியும்படி செய்து, இறுக்கியபிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். இரும்புக்கும் லக்குக்கும் நடுவே இல்லை, மேலே.

ரிப்பேர் செய்து விற்கும் மோட்டார்களில் இதே கதை இன்னொரு இடத்தில் நடக்கும். புதுசு மாதிரி தெரிய வேண்டும் என்று கறுப்பு பெயிண்ட்டை மோட்டார் முழுக்க அடித்துவிடுகிறார்கள், இன்ஜினோடு ஒட்டும் முகத்திலும் சேர்த்து. மோட்டாருக்கு எர்த் கிடைப்பதே அந்த முகத்தின் வழியாகத்தான். கழற்றியதும் அந்த இரண்டு காதுகளையும் பாருங்கள். பெயிண்ட் தடித்திருந்து, போல்ட் தலைக்குக் கீழே மட்டும் வட்டமாகச் சுரண்டு விழுந்திருந்தால், இத்தனை நாளும் அந்த வட்டத்தின் வழியாகத்தான் கரண்ட் போயிருக்கிறது. எமரி தாள் போட்டு முகம் முழுவதையும் வெள்ளையாக்குங்கள், இன்ஜின் பக்கத்தையும். நடுவே வாஷர், கேஸ்கெட், தகடு எதுவும் நீங்களாகச் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் பினியன் தூரம் மாறிவிடும்.

கடைக்காரர் மேசையில் வைத்து ‘பாருங்க சார், எப்படிச் சுத்துது’ என்று காட்டியிருப்பார். வெறுமனே சுற்றுவது ஒரு சான்றே இல்லை. பீல்டு காயில் (உள்ளே நிலையாக நின்று காந்தமாகும் கம்பிச் சுருள்) பாதி போன மோட்டாரும், கார்பன் (சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கட்டை) குட்டையான மோட்டாரும் சுமை இல்லாதபோது அழகாகச் சுற்றும். அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கார்பன் 8 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மாற்ற வேண்டும், பிடிப்பானுக்குள் தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும். ஆர்மேச்சர் என்ற சுற்றும் பாகத்தின் இரும்பில் ஒரு பக்கம் உரசிய பளபளப்பு இருந்தால், தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது, ஆர்மேச்சர் தன்னைச் சுற்றியுள்ள போல் ஷூ இரும்பில் உராய்கிறது. புதுப் புஷ்ஷைப் பூட்டும் முன் ஒரு நாள் முழுக்க இன்ஜின் ஆயிலில் ஊறப்போட வேண்டும். அது நுண்துளை வெண்கலம், அந்த ஆயில்தான் அதன் ஆயுள். இன்னொன்று, கார்பன் உரசும் கம்யூட்டேட்டரில் செம்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்காவை டைனமோவில் கொஞ்சம் தாழ வெட்டுவார்கள். லூகாஸின் இந்த வகை செல்ஃபில் அப்படி வெட்டக்கூடாது என்பது தயாரிப்பாளர் சொன்னது. பழக்கத்தில் வெட்டிவிடுகிற எலக்ட்ரீஷியன்கள் உண்டு. முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் படித்தால் உங்களுக்கே ஒன்று தோன்றியிருக்கும்: பழைய மோட்டாரைக் கொடுக்க வேண்டுமா? கொடுக்காதீர்கள். வண்டியோடு வந்து ஐம்பது வருஷம் ஓடிய மோட்டார், உங்கள் ரிங் கியருக்குப் பொருந்தும் என்று நிரூபணமான ஒரே மோட்டார் அது. தண்ணீரில் நின்றதால் பிடித்திருக்கிறதே தவிர, காயில் எரிந்துவிட்டது என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. பெரும்பாலும் கார்பன் பிடிப்பானில் இறுகியிருக்கும், புஷ் துருவோடு ஒட்டியிருக்கும், பெண்டிக்ஸ் ஸ்லீவ் துருப்பிடித்திருக்கும். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின்களின் செல்ஃப் பார்க்கும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் மூழ்கிய மோட்டார் அவர்களுக்கு அன்றாட வேலை. ஒருவரிடம் கொடுத்துப் பிரித்து, உலர்த்தி, ஆர்மேச்சரை குரோலரில் (சுருளில் ஷார்ட் இருக்கிறதா என்று காட்டும் கருவி) வைத்துப் பார்த்து, பீல்டு காயிலை சீரிஸ் லாம்ப், அதாவது சோதனை பல்பு, போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காயில் உயிரோடு இருந்தால், புஷ், கார்பன், பெண்டிக்ஸ் மாற்றினால் உங்கள் சொந்த மோட்டார் கையில். என் கையில் அந்த வண்டி இருந்தால் இதைத்தான் செய்வேன்.

நண்பர் சொன்ன கியர் செல்ஃபைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அது மோசமான யோசனை இல்லை. உள்ளே சின்ன மோட்டார் வேகமாகச் சுற்றி, கியர் வழியாக வேகத்தைக் குறைத்து முறுக்கைக் கூட்டுகிறது. எடை குறைவு, கரண்ட்டும் குறைவாக இழுக்கும், சூட்டில் நின்ற இன்ஜினையும் சுறுசுறுப்பாகச் சுற்றும். தினமும் ஓட்டப்போகிற வண்டி என்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் அது ப்ரீ-எங்கேஜ்டு வகை. உங்கள் ரிங் கியரில் சாய்வு எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கென்றே செய்ததா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். ‘அம்பாசிடருக்கு’ என்று மட்டும் கேட்டால் 1990-களில் வந்த இசுசு 1800 இன்ஜினுக்கு உரியதைக் கொடுத்துவிடுவார்கள். அது வேறு இன்ஜின், வேறு செல்ஃப்.

துருவத்தையும் பார்க்க வேண்டும். டைனமோ காலத்து வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கும். பேட்டரியின் எந்தக் கம்பத்திலிருந்து கேபிள் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். பழைய லூகாஸ் மோட்டாரில் பீல்டும் காயில்தான், ஆர்மேச்சரும் காயில்தான். துருவத்தை மாற்றினால் இரண்டும் சேர்ந்து மாறும், அதனால் அது ஒரே பக்கம்தான் சுற்றும். கியர் செல்ஃப் பலவற்றில் பீல்டுக்குப் பதிலாக நிரந்தரக் காந்தம். துருவம் மாறினால் அது எதிர்ப்பக்கம் சுற்றும். பாசிட்டிவ் எர்த் வண்டியில் அதை அப்படியே பூட்டக்கூடாது.

வயரிங்கும் மாறும். பழைய முறையில் சொலினாய்டு தனியாக இருக்கும், ஸ்டார்ட் செய்யும்போது மட்டும்தான் மோட்டார் கேபிளுக்குக் கரண்ட் வரும். ப்ரீ-எங்கேஜ்டு மோட்டாரில் சொலினாய்டு அதன் முதுகிலேயே இருக்கிறது. பேட்டரி கேபிள் நேராக அதன் பெரிய ஸ்டட்டுக்குப் போக வேண்டும். பழைய சொலினாய்டை எறிய வேண்டாம். அதன் பேட்டரி பக்க ஸ்டட்டை வெறும் சந்திப்பாக வைத்துக்கொண்டு, மறுபக்க ஸ்டட்டிலிருந்து ஒரு நடுத்தர வயரை மோட்டார் சொலினாய்டின் சின்ன முனைக்குக் கொடுத்தால் அது ரிலே வேலையைச் செய்யும். சாவி சுவிட்சில் சுமை ஏறாது. சிலர் பெரிய கேபிளையும் சின்ன வயரையும் சேர்த்துப் பழைய சொலினாய்டின் ஒரே முனையில் மாட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் சாவியை விட்ட பிறகும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் தானே உண்டாக்கும் மின்சாரம் சொலினாய்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், பினியன் உடனே விலகாது. இன்னொரு எச்சரிக்கை: இந்த முறையில் மோட்டார் வரை வரும் கேபிளில் இருபத்துநான்கு மணி நேரமும் கரண்ட் இருக்கும். இடையில் ஃப்யூஸ் கிடையாது. பாடியில் உரசும் இடத்திலெல்லாம் ரப்பர் குழாய் போட்டு, ஸ்டட்டுக்கு மூடி போட்டே ஆக வேண்டும்.

பூட்டும் வேலை இத்தனை சோதனைக்கு முன்னால் சுலபம். முதலில் பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள், கடைசியாகத்தான் மாட்ட வேண்டும். மோட்டார் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பக்கம், கீழே உட்கார்ந்திருக்கிறது. மேல் போல்ட்டை மேலிருந்தும் கீழ் போல்ட்டை வண்டிக்கு அடியிலிருந்தும் எடுக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். தெரு மண் மழைக்குப் பிறகு இளகியிருக்கும் என்பதால் ஸ்டாண்டுக்குக் கீழே தடித்த பலகை. போல்ட்டெல்லாம் அங்குல அளவு. 9/16 அங்குல ஸ்பானர் என்பது 14.3 மில்லிமீட்டர்: 14 ஏறாது, 15 போட்டால் தலையை உருட்டிவிடும். சரியான ஸ்பானரை இரவல் வாங்கியாவது வாருங்கள். கீழ் போல்ட்டை எடுக்கும்போது மோட்டாரை ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும், மோட்டார் நல்ல கனம். ஏற்றும்போது இரண்டு போல்ட்டையும் கையால் முழுக்க ஓட்டி, முகம் சுற்றிலும் சமமாக ஒட்டிய பிறகு இறுக்குங்கள்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது பிளக் இல்லாமல் சுற்றிப் பாருங்கள். ஒரு தடவைக்கு பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவே அரை நிமிடம் ஓய்வு. சத்தம் சுத்தமாக இருந்தால் பிளக்கைப் போட்டு எடுங்கள். ஒரு வாரம் ஓடியபின் இரண்டு போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அடுத்த மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால், வண்டியை நகர்த்த முடியாவிட்டாலும் பேட்டரி எர்த்தைக் கழற்றி வையுங்கள். கரண்ட் உள்ள ஸ்டட் உப்பும் சாக்கடையும் கலந்த தண்ணீரில் நின்றால் செம்பு கரைந்து போகும். வெறும் ஈரம் செய்யும் சேதத்தைவிட அது பல மடங்கு.

இப்போதைக்கு இரண்டே வேலை: புல்லியில் சாக்பீஸ் கோடு, இரண்டு மோட்டாரின் பினியன் பல் எண்ணிக்கையும் அது ஓடும் பக்கமும். அந்த விவரத்தையும் எர்த் பக்கத்து வோல்ட் அளவையும் எழுதுங்கள், கியர்பாக்ஸை இறக்க வேண்டுமா என்று அதை வைத்துச் சொல்கிறேன். அதுவரை கரகரவென்று சத்தம் வரும்போது திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல், வண்டியை நாலாவது கியரில் போட்டு, இக்னிஷன் அணைந்திருக்க, கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளி ஃப்ளைவீலை வேறு பல்லுக்கு நகர்த்துங்கள். அப்புறம் நியூட்ரலுக்கு வந்து ஸ்டார்ட் செய்யுங்கள்.